பிராணி வைத்தியம் பயில எந்தக் கல்லூரி?

காஞ்சிபுரத்தை ஆண்ட பல்லவர்கள் தங்கள் இலச்சினையில் விடையைப் பொறித்தவர்கள். வரதராஜப் பெருமாள் நின்றருளும் குன்றுக்கு அத்திகிரி என்று யானையின் பெயர். கைலாசநாதர் ஆலயத்திற்கு எதிரே, பதின்மூன்று நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு, ஒரு நந்தி படுத்திருக்கிறது. பிராணிகளோடு இவ்வளவு சம்பந்தம் உடைய இந்த ஊரில், பிளஸ் டூ பரீட்சையின் முடிவுகள் வெளியாகும் நாட்களில் ஒரு வீட்டார் தங்கள் பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னால், கேட்பவர் மனித வைத்தியத்தையே நினைத்துக்கொள்வதும், விவரம் தெரிந்தபின் "மாட்டு டாக்டருக்கா?" என்று கேட்கும்போது அவர் குரலில் சுருதி ஒரு படி இறங்கிவிடுவதும் நான் நெடுநாளாகக் கவனித்து வரும் விஷயங்கள்.

ஆயினும் காலம் மாறிக்கொண்டுதான் வருகிறது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளிலிருந்தும், உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பங்களிலிருந்தும், வேறு வழியின்றி அல்லாமல் விரும்பியே இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெண்களும் இப்போது இருக்கிறார்கள். காஞ்சி ஜில்லாவில் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது. எங்கே போவது என்ற கேள்வி அதனால் எழுகிறது. பெற்றோர்கள் கல்லூரியின் வயதையும், கட்டடத்தின் கம்பீரத்தையும், ஊருக்கு உள்ள தூரத்தையும் முதலில் விசாரிக்கிறார்கள். அவற்றை அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தில், ஐந்தரை வருஷ காலத்தில் மாணவனுடைய கை எந்தெந்தப் பிராணியின் மேல் எத்தனை தடவை படப்போகிறது என்பதே இந்தத் தேர்வுக்கு மூலாதாரமான விஷயம். மற்றவை யாவும் அதற்கு அடுத்தபடியில் நிற்பவை.

பட்டு நெய்யும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சாஸ்திரம் அன்னியமானதன்று என்பதற்கு ஒரு சரித்திரத்தை இங்கே சொல்லிவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸ் தேசத்துப் பட்டுத் தொழிலைப் பெப்ரீன் என்னும் பட்டுப்புழு நோய் அடியோடு அழித்துவிடும்போல் இருந்தபோது, அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டும் அறியாத ரசாயன சாஸ்திரியான லூயி பாஸ்டர், தம் ஆசிரியர் தூமாவின் வேண்டுகோளை ஏற்று 1865-இல் தெற்கே அலேஸ் என்ற ஊருக்குச் சென்று, ஐந்து வருஷ காலம் அந்தப் புழுக்களோடு மன்றாடினார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பரிசோதித்து, நோய்க்கிருமி தென்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிடுவது என்று அவர் வகுத்த முறைதான் நம் தேசத்துப் பட்டுமுட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றைக்கும் கையாளப்படுகிறது. புழுவிடம் கற்ற பாடத்தைக் கைக்கொண்டே பாஸ்டர் பின்னர் கோழிக் காலராவுக்கும், 1881-இல் ஆட்டையும் மாட்டையும் கொல்லும் அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி கண்டார். காஞ்சிப் பட்டுப் புடவைக்குக் கர்நாடகத்திலிருந்து நூல் தடையின்றி வந்து சேருவதில் பிராணி ஆரோக்கிய சாஸ்திரத்திற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை, அந்தச் சாஸ்திரத்தைச் சற்றே இளக்காரமாகப் பார்க்கும் நம் ஊரார் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

உலகத்தில் முதன்முதலாகப் பிராணி வைத்தியத்திற்கென்று ஒரு கல்விச்சாலை ஏற்பட்டது 1761-இல், பிரான்ஸின் லியோன் நகரில். இந்தியாவில் லாகூரில் 1882-இலும், பம்பாயில் 1886-இலும் இத்தகைய கல்விச்சாலைகள் தோன்றின. சென்னை ராஜதானியில் சைதாப்பேட்டை விவசாயப் பள்ளியில் பிராணி வைத்தியம் பல பாடங்களுள் ஒன்றாகவே இருந்து வந்தது. 1903-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று, வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் பங்களாவில், இருபது மாணவர்களோடு தனிக் கல்லூரி ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் அங்கே கிடைத்தது பட்டயம்தான். 1936-இல் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, பிராணி வைத்தியத்தில் பட்டம் அளிக்கும் யோக்கியதையை இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெற்றது. பின்னர் 1976-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சென்று, 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் மூத்த அங்கமாயிற்று. கால்நடை மருத்துவத்துக்கென்றே இந்தியாவில் ஏற்பட்ட முதல் பல்கலைக்கழகமும் இதுதான்.

நமக்கு இன்னும் அருகில், காஞ்சியிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய ராணிப்பேட்டையில், 1932-இல் ஏற்பட்ட தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. நம் பாட்டன்மார் காலத்தில் வெக்கை என்ற சொல்லைக் கேட்டாலே மாடு வைத்திருந்தவர்கள் கதிகலங்குவார்கள். ஒரு கிராமத்தில் அந்த நோய் புகுந்தால் தொழுவம் தொழுவமாகக் காலியாகும். அந்த நோயற்ற தேசம் என்று இந்தியா 2006-இல் அங்கீகாரம் பெற்று, 2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்தது என்று பிரகடனம் செய்யப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனித யத்தனத்தால் பூமியிலிருந்து அறவே நீங்கிய வியாதி இது ஒன்றுதான். அதை நீக்கியவர்களுள் பெரும்பாலோர் கிராமம் கிராமமாகச் சைக்கிளிலும் மாட்டு வண்டியிலும் சென்று ஊசி போட்ட, பெயர் வெளியே தெரியாத உத்தியோகஸ்தர்கள்.

இனிக் கல்லூரிகளின் விஷயத்துக்கு வருவோம். முதலில் சட்டம். 1984-ஆம் வருஷத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற பட்டம் உடையவர்தான் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு வைத்தியம் செய்யலாம். பாடத்திட்டம், ஆசிரியர் எண்ணிக்கை, போதனை மருத்துவமனை, பயிற்சிப் பண்ணை ஆகிய யாவற்றுக்கும் குறைந்தபட்ச அளவுகளை அந்தக் கவுன்சிலே விதிக்கிறது. நாலரை வருஷப் படிப்பு, அதன்பின் ஒரு வருஷ உள்ளிருப்புப் பயிற்சி என்பது தேசம் முழுவதற்கும் பொது. ஆகையால் ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்கப் புகுபவர், அங்கீகாரம் இருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்விக்குக் கவுன்சிலிடமிருந்தே விடை பெற்றுக்கொள்ள வேண்டும்; கல்லூரியின் விளம்பரப் பத்திரிகையை இதற்குச் சாட்சியாகக் கொள்ளலாகாது. வெளி மாநிலங்களில் தனியார் நடத்தும் கல்லூரிகளுக்குப் பெருந்தொகை கட்டத் துணிபவர்களுக்கு இந்த எச்சரிக்கை முக்கியமானது. நம் மாநிலத்து அரசுக் கல்லூரிகள் அனைத்தும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், ஒரே பாடத்திட்டத்தோடு, ஒரே பட்டத்தை அளிக்கின்றன. வேப்பேரியில் வாங்கிய பட்டத்திற்கும் தேனி வீரபாண்டியில் வாங்கிய பட்டத்திற்கும் அரசாங்க உத்தியோகத்தில் யாதொரு பேதமும் இல்லை. தேர்வாணையத்தின் பரீட்சை எழுதிக் கால்நடை உதவி மருத்துவராகும் வழி இருவருக்கும் ஒன்றே.

சேர்க்கை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் பரீட்சை வேண்டியதில்லை. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்ணே போதும். அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டிற்கென விடப்படும் 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். திருப்பதியில் 1955-இல் ஏற்பட்ட கல்லூரிக்கோ, பெங்களூர் ஹெப்பாலுக்கோ, கேரளத்தின் மண்ணுத்திக்கோ, 1994-இல் புதுச்சேரியின் குரும்பாபேட்டில் தொடங்கிய கல்லூரிக்கோ நம் பிள்ளை போகவேண்டுமானால் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். திருப்பதியும் புதுச்சேரியும் காஞ்சிக்கு மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட தூரம் என்பதால் இதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் உள்ள இடங்கள் 600-க்குச் சற்று அதிகம், விண்ணப்பிப்பவர்களோ பல ஆயிரம் பேர் என்றிருக்கையில், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தரவரிசையின் மேற்பகுதியில் இருப்பவர்களுக்கே பூரணமாக வாய்க்கும். மற்றவர்கள் கிடைத்ததில் நல்லதைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்களுக்கும் எது எப்படிப்பட்டது என்று தெரிந்திருப்பது பிரயோஜனமே.

வேப்பேரியை முதலில் எடுத்துக்கொள்வோம். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு மார்க்கமாகச் செல்லும் ரயிலில் ஏறினால் வாசலுக்குச் சமீபத்திலேயே கொண்டுவிடும். அதன் போதனை மருத்துவமனை தேசத்தின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. காலையில் அங்கே போய் நின்றால், மடியில் பூனையை ஏந்திய மூதாட்டியும், கழுத்துப்பட்டை கட்டிய அல்சேஷனைப் பிடித்த இளைஞனும், வண்டியில் ஏற்றிய பசுவோடு மாதவரத்திலிருந்து வந்த பால்காரரும் ஒரே வரிசையில் காத்திருப்பதைக் காணலாம். கண், எலும்பு, இருதயம், தோல் என்று தனித்தனி நிபுணர்களும், நவீனக் கருவிகளும், நூற்றிருபது வருஷத்துப் பரம்பரையும் அங்கே உண்டு. நாய், பூனை வைத்தியத்தில் தேர்ச்சிபெற விரும்புபவருக்கு அதற்கு நிகரான இடம் தென்னாட்டில் இல்லை என்றே சொல்லத் துணிவேன். ஆனால் நகரத்தின் நடுவில் இருப்பதால் வரும் குறையும் உண்டு: அங்கே வருகிற மாடு பெரும்பாலும் நோயாளியாக வருகிறது. தொழுவத்தில், தன் ஈரத்திலும் சாணத்திலும், தன் தீவனத்தோடும் கன்றோடும் இருக்கும் மாட்டை, அதன் எஜமானி இரவு பத்து மணிக்கு அரிக்கேன் விளக்கோ கைப்பேசி வெளிச்சமோ பிடித்துக் காட்ட, முழங்கைக்கு மேல் கையை உள்ளே விட்டு, திரும்பிக் கிடக்கும் கன்றின் காலைத் தேடும் அனுபவம் அந்த மாணவனுக்கு அரிதாகவே கிடைக்கிறது. கிராமத்தில் உத்தியோகம் ஏற்கப் போகிறவனுக்கு அந்த ஓர் இரவு பத்துப் பிரசங்கங்களைவிடப் பெரிது.

அந்த அனுபவத்தை நாமக்கல் தருகிறது. 1985-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியைச் சுற்றிலும் இந்தியாவின் முட்டைக் களஞ்சியம் என்று சொல்லத்தக்க கோழிப்பண்ணைகள் நிறைந்திருக்கின்றன. அதோடு கறவை மாடும் ஆடும் வளர்க்கும் புஞ்சைக் கிராமங்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் கோழிகள் வாழும் பண்ணையில் நோய் என்பது ஓர் உயிரின் பிரச்சினை அன்று. தண்ணீர், தீவனம், காற்றோட்டம், தடுப்பூசியின் காலக்கிரமம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை அது மாணவனுக்கு உண்டாக்குகிறது. அங்கே பயின்றவர்கள் கோழித் தொழிலில் உலகத்தின் பல பாகங்களுக்கும் சென்றிருப்பதில் ஆச்சரியமில்லை.

2012-இல் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலிக்கு அருகே ராமையன்பட்டியிலும் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. முன்னது டெல்டாவில், உம்பளாச்சேரி மாட்டின் தேசத்தில் இருக்கிறது. சேற்று உழவுக்கென்றே ஏற்பட்ட அந்தக் குள்ளமான, உறுதியான இனத்தை அங்கேதான் அதன் சொந்த மண்ணில் காணமுடியும். பின்னது செம்மறியும் வெள்ளாடும் மேயும் வறண்ட சீமையில் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோயைப் புஸ்தகத்தில் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக் கிடைகளில் நேரில் பார்ப்பது வேறொரு கல்வி. தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி ஆகிய மூன்று இடங்களில் 2020-இல் ஏற்பட்டவை இளைய கல்லூரிகள். உடுமலைக்குக் காங்கேயம் மாட்டின் சமீபமும் ஆனைமலைக் காட்டின் சமீபமும் உண்டு. வீரபாண்டிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மலைமாடுகள் உண்டு. இளைய கல்லூரி என்பதனாலேயே ஒதுக்கிவிடலாகாது, புதிது என்பதனாலேயே நவீனம் என்று நம்பியும் விடலாகாது. ஒரு போதனை மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வரப் பழகுவதற்குப் பல வருஷங்கள் பிடிக்கும். கட்டடம் எழும்பும் வேகத்தில் அந்த நம்பிக்கை எழும்பாது.

நம் ஊரில் புடவை வாங்க வருபவர்களுள் விஷயம் தெரிந்தவர், முந்தானையின் ஜரிகை மினுக்கைப் பார்த்துவிட்டு நிற்பதில்லை. புடவையைத் திருப்பி, கரையும் உடலும் கோர்வையாகச் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கல்லூரிக்கும் அத்தகைய மறுபக்கம் ஒன்று இருக்கிறது. சேருமுன் ஒரு நாள் போய்ப் பார்ப்பவர் நூலகத்தையும் விடுதியையும் மாத்திரம் பார்த்துத் திரும்பாமல், காலையில் மருத்துவமனைப் பதிவேட்டில் எத்தனை பிராணிகள், என்னென்ன ஜாதிப் பிராணிகள் எழுதப்படுகின்றன என்று கேட்க வேண்டும். பயிற்சிப் பண்ணையில் கறவை மாடுகள் எத்தனை, அவற்றை மாணவர்களே கறக்கிறார்களா, கூலியாட்கள் கறப்பதை மாணவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா என்பதும் கேட்கத் தக்கது. சினைப் பரிசோதனை செய்ய ஒரு மாணவனுக்கு எத்தனை பசுக்கள் கிடைக்கின்றன, நடமாடும் மருத்துவ வண்டி கிராமங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறது, அறுவை சிகிச்சையில் மூன்றாம் வருஷத்து மாணவன் கத்தி பிடிக்கிறானா, விளக்கு மட்டும் பிடிக்கிறானா என்பன போன்ற வினாக்களுக்கு ஆசிரியர்களைவிட நாலாம் வருஷத்து மாணவர்கள் உண்மையான விடை சொல்வார்கள். நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்களைப் பற்றியும் அவர்களையே விசாரிக்கலாம்.

ஒரு வருஷ உள்ளிருப்புப் பயிற்சியில் மருத்துவமனை, பண்ணை, இறைச்சிக்கூடம், வனவிலங்குக் காப்பகம் என்று பல இடங்களுக்கு மாணவர்கள் அனுப்பப்படுகிறார்கள். இந்த விஷயத்தில் சென்னைப் பக்கத்துக்குச் சில அனுகூலங்கள் உண்டு. 1855-இல் சென்னையில் ஏற்பட்டு 1985-இல் வண்டலூருக்கு மாறிய மிருகக்காட்சிசாலை, காஞ்சியின் புதல்வரான அண்ணாவின் பெயரைத் தாங்கி, நமக்கும் வேப்பேரிக்கும் நடுவழியில் இருக்கிறது. பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தின் முதுநிலை ஆராய்ச்சி நிலையமும் பெரிய பண்ணையும் இருக்கின்றன. 2019-இல் செங்கற்பட்டு ஜில்லா பிரிந்து போகும்வரை அது நம் காஞ்சி ஜில்லாவைச் சேர்ந்ததுதான். நம் வட்டாரத்துக்கே உரிய சென்னைச் சிவப்புச் செம்மறியாட்டைப் பற்றி அறிய விரும்புபவர் அவ்விடம் போய்வரலாம்.

கோயில் ஊரில் இருப்பவர்கள் தவறாமல் கேட்பது யானையைப் பற்றி. யானை வைத்தியத்தை எந்தக் கல்லூரியும் நான்கு சுவருக்குள் போதித்துவிட முடியாது. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையால் தமிழ் வாசகர் பலரும் அறிந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, காட்டில் வருஷக்கணக்காக யானைகளோடு வாழ்ந்தே அந்த வித்தையைக் கைவரப் பெற்றார். ஆகையால் யானையின் மேல் உள்ள ஆசையால் மட்டும் இந்தப் படிப்புக்குப் போகிறவன், முதல் வருஷத்தில் உடற்கூற்றியல் வகுப்பில் ஃபார்மலின் நாற்றத்தின் நடுவே எருமையின் எலும்புகளைப் பெயர் சொல்லி அடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நலம்.

பாஷைப் பிரச்சினையைப் பெற்றோர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தமிழ்வழிப் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, முதல் பருவத்திலேயே ஆங்கிலப் புஸ்தகங்களின் முன் திகைத்து உட்கார்ந்துவிடுவது சகஜம். ஆனால் இந்தப் படிப்பிலே அத்தகைய பிள்ளைக்கு ஈடு செய்யும் ஒரு பலம் உண்டு. மாட்டுக்காரரிடம் "அசை போடுதா? மடி கல்லா இருக்கா? சாணி எப்படி இருக்கு?" என்று கேட்டு நோயைக் கண்டுபிடிக்கும் வித்தை தமிழில்தான் நடக்கிறது; சப்பை நோய், தொண்டை அடைப்பான், காணை என்று அவர் சொல்வதைப் புரிந்துகொண்டால்தான் புஸ்தகத்தில் உள்ள லத்தீன் பெயருக்கு உயிர் வரும். ஒரு தறிக்காரர் வீட்டு அம்மாள் என்னிடம், "பொம்பளைப் பிள்ளை மாட்டுக்கிட்டே எப்படிங்க நிக்கும்?" என்று கேட்டார். அந்த அம்மாளின் பாட்டியும் அதற்கு முந்திய பாட்டியும் மாட்டோடுதான் நின்றார்கள், பால் கறந்தார்கள், கன்று ஈனப் பார்த்துக்கொண்டார்கள் என்று பதில் சொன்னேன். இன்று இந்தக் கல்லூரிகளில் பெண்கள் ஏராளமாகப் பயில்கிறார்கள். அவர்களுக்கு விடுதி வசதி எங்கே எப்படி என்பது ஊர் தோறும் மாறுவதால் அதை நேரில் பார்த்துக்கொள்வதே சரி.

வைத்தியப் பட்டம் கிடைக்காதவர்களுக்கு அதே பல்கலைக்கழகம் நடத்தும் உணவு, பால்வளம், கோழியினத் தொழில்நுட்பப் படிப்புகளும் உண்டு. சென்னைக்கு அருகே கொடுவள்ளியிலும் ஓசூரிலும் அதற்கான கல்லூரிகள் இருக்கின்றன. அவை நல்ல படிப்புகளே. ஆனால் அவற்றை முடித்தவர் பிராணிக்கு ஊசி போடும் உரிமை பெறுவதில்லை என்பதைச் சேரும்போதே அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் யோசித்தபின், காஞ்சியிலிருந்து ஒரு பிள்ளை விருப்பப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் நான் சொல்வது இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் புதிதாகக் குடியேறும் குடும்பங்களின் நாய்களுக்கு வைத்தியசாலை வைக்க எண்ணுபவர் வேப்பேரியை முதலில் எழுதட்டும். உத்திரமேரூரில் தகப்பனார் வைத்திருக்கும் பால்மாடுகளின் ஞாபகத்தோடு போகிறவர் நாமக்கல்லை முதலிலும் ஒரத்தநாட்டை அடுத்தும் எழுதட்டும். இன்னும் மனம் எதிலும் நிலைக்காதவர், இளநிலையைக் கிராமம் சூழ்ந்த கல்லூரியில் முடித்துவிட்டு, முதுநிலைக்கு வேப்பேரிக்கோ வடக்கே இஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போவதுதான் உசிதம். மாட்டை முதலில் தொழுவத்தில் பழகியவனுக்கு அதை ஆய்வுக்கூடத்தில் சந்திக்கும்போது சிரமம் இராது. வேப்பேரியில் பயின்று ஓய்வுபெற்ற என் சிநேகிதர் ஒருவர் இந்த வரிசையை ஒப்புக்கொள்வதில்லை. முதலில் நிபுணர்களின் கீழ் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, பிறகு தொழுவத்துக்குப் போனால் போதும் என்கிறார் அவர். முப்பது வருஷம் கிராமங்களில் வேலை பார்த்தவர் சொல்வதை நான் எளிதில் தள்ளிவிடவும் முடியவில்லை, என் வரிசையை மாற்றிக்கொள்ளவும் இல்லை.